சாரீரமும் சாதகமும்

அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், மருதமுனையிற் கைத்தறி நெய்யும் அன்பர் ஒருவர் கல்முனையிலுள்ள எமது இல்லத்துக்கு வந்தார். உடன் அவருடைய மூத்த மகனும் வந்திருந்தான். வயது பதினேழு, உயர்தர வகுப்பு மாணவன். பாடசாலை விழாக்களில் அவன் பாடக் கேட்டோர் அக்குரலை எளிதில் மறப்பதில்லை. தேநீர் அருந்தியபின் தந்தையார் தயங்கித் தயங்கி விடயத்துக்கு வந்தார்.

"சேர், இவன் சங்கீதம் படிக்கப் போறன் எண்டு நிக்கிறான். குரல் நல்லம் எண்டு ஊரே சொல்லுது. ஆனா, குரல வெச்சிச் சோறு திங்க ஏலுமா? நீங்க சொன்னாக் கேப்பான்," என்றார்.

எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. ஆம் என்று சொல்லி ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைப் பிழையான வழியிற் செலுத்தவும் அஞ்சினோம். இல்லை என்று சொல்லி ஒரு நல்ல குரலை அடக்கிவிடவும் அஞ்சினோம். ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த வாரத்தில் நாம் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகின்றோம். இதே கேள்வி வேறு பல வீடுகளிலும் எழுந்திருக்கும் அன்றோ?

குரல் என்பது யாது?

மனிதரின் குரல்வளையில் இரண்டு சிறு தசைமடிப்புகள் உள்ளன. அவற்றைக் குரல் நாண்கள் என்பர். வளர்ந்த ஆடவருக்கு அவற்றின் நீளம் ஏறக்குறைய 17 முதல் 25 மில்லிமீற்றர். பெண்களுக்கு அதனினும் குறைவு. நுரையீரலிலிருந்து எழும் காற்று இவற்றை அதிரச் செய்கின்றது. ஐந்து கட்டைச் சுருதியிற் பாடும் ஒரு பெண்ணின் ஆதார ஷட்ஜத்தில் இந்நாண்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 196 தடவை ஒன்றையொன்று தொட்டு விலகுகின்றன. மேல் ஷட்ஜத்தில் இது இரட்டிக்கின்றது. இத்துணைச் சிறிய உறுப்பை நம்பியே ஒரு பாடகர் தம் வாழ்வை அமைத்துக்கொள்கின்றார்.

எமது கரையோர மக்களுக்குக் குரற்பயிற்சி புதியதொன்றன்று. குர்ஆன் மத்ரஸாவில் ஓதக் கற்கும் சிறுவன், ஒவ்வோர் எழுத்தும் தொண்டையிற் பிறப்பதா, நாவிற் பிறப்பதா, இதழிற் பிறப்பதா என்பதை ஆசிரியரின் வாய் பார்த்துப் பயில்கின்றான். எழுத்துப் பிறக்கும் இடத்தை மக்ரஜ் என்றும், ஓதும் முறையைத் தஜ்வீத் என்றும் கூறுவர். நமது தொல்காப்பியமும் உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டு இடங்களிற் பொருந்தி எழுத்தாகின்றது என்று பிறப்பியலில் விளக்குகின்றது. திருமறை ஓதுதல் வேறு, இசைக் கச்சேரி வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் தகாது. ஆயினும், மூச்சையும் நாவையும் பொறுமையுடன் ஆளப் பழகும் ஒழுக்கம் இரண்டுக்கும் வேண்டும். மருதமுனைச் சிறுவனின் உச்சரிப்புத் தெளிவு எங்கிருந்து வந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை.

சாதகம் செய்யும் வேலை

பிறவியில் வாய்த்த குரலைச் சாரீரம் என்பர். அதனைப் பண்படுத்தும் உழைப்புச் சாதகம். கருநாடக சங்கீதத்தில் மாணவன் முதலிற் கற்பது பாட்டன்று. சுருதியோடு சேர்ந்து நிற்றல். அதன்பின் மாயாமாளவகௌளை இராகத்திற் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என ஒவ்வொன்றையும் மூன்று காலங்களிலும் பாடிப் பழகுகின்றான். கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை என்பன அடுத்த படிகள். இவ்வொழுங்கை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. இவையெல்லாம் கற்ற பின்னரே இராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் ஆகிய மனோதர்மத்துக்குள் அவன் அடியெடுத்து வைக்கின்றான். பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் விடியற்காலை அகார சாதகத்தை விடாத வித்துவான்கள் உளர்.

மேனாட்டு இசைநாடகமாகிய ஒப்பெராவிலும் நிலைமை இதுவே. அங்கே பாடகர் ஒலிபெருக்கி இன்றி, பெரியதொரு வாத்தியக் குழுவுக்கு மேலாகத் தம் குரல் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடவேண்டும். அது கத்துவதால் நிகழ்வதன்று. பயின்ற குரலில் 3,000 அதிர்வெண்ணை அண்டிய பகுதியில் ஒலி வலுவடைகின்றது என்றும், வாத்தியக் குழுவின் ஒலி அப்பகுதியில் மெலிந்திருப்பதால் அந்த இடைவெளியினூடே குரல் வெளிப்பட்டுச் செல்கின்றது என்றும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யொஹான் சுண்ட்பெரி 1970களில் விளக்கினார். தொண்டையை நெரிக்காமல் அதன் வடிவத்தை மாற்றப் பழகுவதே இதன் இரகசியம். இதனோடு இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளின் உச்சரிப்பு, நடிப்பு, இசைக்குறியீடு என்பனவும் கற்கவேண்டும்.

இத்துறையில் நம் நாட்டுத் தொடர்புடைய ஒருவரும் உளர். டானியல் டி நீஸ் என்னும் பெண் பாடகர் 1979 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில், இலங்கைப் பறங்கியர் குலத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1998 இல், பத்தொன்பதாவது வயதில், நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் ஒப்பெராவில் மோட்சார்ட்டின் இசைநாடகமொன்றில் மேடையேறினார். பத்தொன்பது வயதென்றால் விரைவான வெற்றி என்று தோன்றும். அவரோ சிறுமியாக இருந்தபோதே பயிற்சியைத் தொடங்கியவர்.

ஊர் ஏற்ற செலவு

இனி, சோற்றுக் கேள்விக்கு வருவோம். பயிற்சிக்கு ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளில் உழைப்பு உண்டு, ஊதியம் இல்லை. அச்செலவை யார் ஏற்பது?

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1897 இல் பிறந்த மரியன் அண்டர்சன் என்னும் கறுப்பினப் பெண்ணின் வரலாறு இதற்கு விடை தருகின்றது. பன்னிரண்டு வயதிலே தந்தையை இழந்தார். நிறத்தின் காரணமாக ஓர் இசைப்பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. அவர் பாடிவந்த தேவாலயத்து ஏழை மக்களோ தம் கையிலுள்ள சில்லறையைச் சேர்த்து அவருடைய இசைப் பயிற்சிக்கு நிதி திரட்டினர். அவர் 1939 இல் வாஷிங்டன் நகரில் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடியபோது கேட்டவர்கள் 75,000 பேர். 1955 சனவரி 7 ஆம் நாள், மெட்ரோபொலிற்றன் ஒப்பெராவில் முதன்மைப் பாத்திரமேற்றுப் பாடிய முதற் கறுப்பினத்தவர் என்ற சிறப்பையும் பெற்றார். அந்தத் தேவாலயத்தார் சில்லறையைச் சேர்த்த காலத்தில் இதனையெல்லாம் எதிர்பார்த்திருப்பார்களா?

இசை ஒரு சமயத்தாரின் தனிச்சொத்து என்று எண்ணுவோரும் உளர். இந்துஸ்தானி இசையின் பெருங்கலைஞர் அப்துல் கரீம் கான் (1872–1937) தெற்கே வந்து தியாகராசரின் கீர்த்தனைகளையும் பாடி இசைத்தட்டிற் பதித்தார். 1913 இல் அவர் நிறுவிய இசைப்பள்ளியின் வழிவந்தோர் பல சமயத்தினர்.

எமது மண்ணின் நிலையோ? கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதைக் கடந்தால் வருவது காரைதீவு. 1892 இல் அங்கே பிறந்து, கல்முனையிற் கல்வி கற்ற சுவாமி விபுலானந்தர், அறிவியற் பட்டதாரியான தம் அறிவையும் தமிழறிவையும் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 சூன் மாதம் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவர் பெயரால் மட்டக்களப்புக் கல்லடியில் 1982 இல் தொடங்கிய இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இன்று இசையிற் பட்டம் வழங்குகின்றது. கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரமே. யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் 1960 இல் எழுந்த இராமநாதன் நுண்கலைக் கழகத்தில், மகாராஜபுரம் சந்தானம் போன்ற பெருவித்துவான் அதிபராயிருந்து கற்பித்த காலமும் உண்டு.

இவ்விடங்களிற் கற்று வெளியேறுவோர் யாவரும் கச்சேரி மேடையால் வாழ்வதில்லை. பாடசாலை ஆசிரியராகவும், விரிவுரையாளராகவும், வானொலிக் கலைஞராகவும், வீட்டில் வகுப்பு நடத்துவோராகவும் பலர் வாழ்கின்றனர். மேனாட்டிலும் ஒப்பெராப் பாடகர் பலர் கற்பித்தே காலந்தள்ளுகின்றனர். இசையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் இதனைத் தோல்வியாக எண்ணாது, தொழிலின் இயல்பாக அறிந்துகொண்டே இறங்கவேண்டும்.

இளைஞர்க்கு இன்னும் ஒரு சொல். ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும் பருவத்தில் உச்ச சுருதியை வற்புறுத்தல் கூடாது. புகையும் கூச்சலும் குரலுக்குப் பகை. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாற் கைவைத்தியத்தோடு நில்லாது, காது மூக்குத் தொண்டை வைத்திய நிபுணரைக் காண்க.

ஒரு வாரம் சென்றது. தந்தையாரும் மகனும் மீண்டும் வந்தனர். நாம் ஒளிக்காமற் சொன்னோம்: பையனுக்குக் குரல் உண்டு, கேள்வி ஞானம் உண்டு, முறையான பயிற்சி இல்லை. பதினேழு வயது தொடங்குவதற்குப் பிந்திய வயதே. ஆயினும் குரல் உடைந்து நிலைபெற்றுவிட்டதால் இனி அச்சமின்றிப் பழகலாம். கல்லடி நிறுவகம் உயர்தரப் பெறுபேற்றோடு செயன்முறைத் தேர்வும் கேட்கும். அதற்கு முன் அருகிலுள்ள ஆசிரியர் ஒருவரிடம் நாள்தோறும் சாதகம் வேண்டும். பாடப் புத்தகத்தை மூடிவைத்தல் ஆகாது. பட்டம் பெற்றால் ஆசிரியத் தொழிலுக்கு வழியுண்டு. புகழுக்கு எவரும் உறுதி கூற முடியாது.

தந்தையார் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின், "பாவு ஒழுங்காப் போடாம ஊடை ஓடாது சேர். இவன் இன்னும் பாவே போடல்ல எண்டுறீங்க. சரி, ரெண்டு வரிசம் பாப்பம்," என்றார்.

வகுப்புக் கட்டணம் அவருக்குச் சுமைதான். அதிற் பாதியை நாமும் எம் நண்பர் இருவரும் ஏற்றிருக்கின்றோம். ஒவ்வோர் ஊரிலும் இத்தகைய ஒரு குரலேனும் இருக்கும். விழா மேடையிற் கைதட்டுவதோடு நில்லாது, அதன் வகுப்புக் கட்டணத்தையும் விசாரிக்குமாறு வாசக அன்பர்களை வேண்டுகின்றோம்.