பிச்சாவரத்துக் கால்வாய்கள்

கடலூர் ஜில்லாவின் பூகோளத்தை அறிந்தவர்களுக்கு அங்கே வெள்ளம் வருவது ஆச்சரியமாக இராது. பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கெல்லையில் கொள்ளிடம் என்று இத்தனை நதிகளும் மேல்நாட்டு மழையைச் சுமந்துவந்து அந்தத் தாழ்ந்த கரையிலேதான் சமுத்திரத்தில் சேர்க்கின்றன. அவ்வேளை கடலும் பொங்கியிருந்தால் ஆற்றுநீர் வடிய வழியின்றி ஊருக்குள் ஏறும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பரில் பெருமழை என்று வந்த ஒவ்வொரு விபத்திலும் முதலில் நனைந்தது பள்ளத்தில் குடியிருந்த ஏழை ஜனங்களின் குடிசைகளே.

சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் கண்டல் காட்டை ஒட்டி வாழும் இருளர்கள் அத்தகையோர். படகும் வலையும் வாங்க வகையற்ற அவர்கள், கழிமுக நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பல்லிடுக்கில் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொண்டு நகர்வார்கள்.

அவர்களுக்குச் சோறு போட்ட அந்தக் காட்டை, வெள்ளையர் காலந்தொட்டு 1970கள் வரை, பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியது சர்க்கார்தான். நிழலிழந்த மண் காய்ந்து தாழ்ந்து தொட்டிபோலக் குழிந்தது. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற மாட்டாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு முற்றி, கன்று முளையாத பாழ்நிலம் உண்டாயிற்று. (பழி என்னவோ மாடு மேய்த்தவர்கள்மீதும் விறகு பொறுக்கியவர்கள்மீதும் விழுந்தது!) 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் கிராமத்தாரோடும் கூடி, மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டியது. நடுவே தாய்க்கால்வாய், இருமருங்கும் சாய்வாகக் கிளைகள். ஓதநீர் தடையின்றி ஏறி இறங்கவே உப்புத் தணிந்தது. சரிவுகளில் நட்ட வெண்கண்டலும் சுரபுன்னையும் வேரூன்றின.

ஆழிப்பேரலையின்போது கண்டலுக்குப் பின்னிருந்த ஊர்கள் தப்பியதையும், திறந்த கரையில் இருந்தவை அழிந்ததையும் 2005இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஆராய்ச்சி எடுத்துக்காட்டிற்று. கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமும் அதற்குக் காரணங்களே என்று வேறு பண்டிதர்கள் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானது. ஆகவே, மரம் நட்டாயிற்று, இனி அபாயமில்லை என்று எவரும் நிம்மதி கொள்ளலாகாது. கண்டல் கடலின் வேகத்தைத் தணிக்கலாம். முதுகுப்புறமாக வரும் கொள்ளிடத்து வெள்ளத்தை அது தடுக்காது. அதற்கு வடிகால்கள் தூர்வாரப்பட வேண்டும், வீடு மேட்டில் இருக்க வேண்டும்.

2022இல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்து சர்வதேசக் கீர்த்தி பெற்றது. காட்டோரத்தில் பட்டாவின்றிப் பள்ளத்தில் வாழும் குடும்பம் ஒன்றேனும் இருக்குமாயின், அதற்கு மேட்டு மனையும் கெட்டியான வீடும் தருவதை ஜில்லா நிர்வாகம் அடுத்த ஐப்பசிக்கு முன்பே செய்து முடிக்க வேண்டும்.