இடுப்புவலியும் துணை மருத்துவங்களும்

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கண்டால், அருகில் இருப்பவர் எவராயினும் ஒரு மருந்து சொல்லாமல் விடுவதில்லை. தவிட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்வார் ஒருவர். நொச்சியிலையை வதக்கிக் கட்டச் சொல்வார் மற்றொருவர். வர்மம் அறிந்த ஆசான் ஒருவரைத் தமக்குத் தெரியும் என்பார் இன்னொருவர். இக்காலத்தில் ஊசி குத்தும் சீனமுறை, யோகாசனம், மின்சாரக் கருவிகள் ஆகியனவும் இவ்வரிசையில் சேர்ந்துவிட்டன. மருத்துவமனைக்குச் சென்றாலோ, இயன்முறை மருத்துவர் நான்கைந்து பயிற்சிகளைக் கற்பித்து, நாள்தோறும் தவறாது செய்யுமாறு சொல்லி அனுப்புகிறார். நோயாளி என்ன செய்கிறார்? பயிற்சியை ஒரு வாரம் செய்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக நாடிப் போகிறார்.

பயிற்சிக்குப் பக்கத்தில் வைக்கப்படும் இந்தத் துணை மருத்துவங்கள் எந்த அளவுக்குப் பயன்படும், அதனை எவ்வாறு அறிவது என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். இது முதியோர் கதையாயிற்றே, மாணவர்களாகிய எங்களுக்கு எதற்கு என்று நீங்கள் எண்ண வேண்டா. 2020-ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் மக்கள் இவ்வலியால் வருந்தியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதர் இயலாமையோடு கழிக்கும் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், எல்லா நோய்களையும் விட முன்னால் நிற்பது இதுவே. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்காகக் கைப்பேசியில் மருத்துவம் தேடித் தருபவரும் பெரும்பாலும் நீங்களாகவே இருப்பீர்கள்.

நம் முதுகின் கீழ்ப்பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அவற்றிடையே வட்டுகள் என்னும் மெத்தை போன்ற உறுப்புகள் உண்டு. உடலின் மேற்பாதிச் சுமை முழுவதையும் தாங்கிக்கொண்டே குனியவும் திரும்பவும் இடங்கொடுப்பது இப்பகுதி. இங்கே தோன்றும் வலி மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால், அதனை நாட்பட்ட வலி என்பர். அவ்வலிக்கு இன்னதுதான் காரணம் என்று சுட்டிக்காட்ட இயலாதவர்களே மிகப் பலர்.

"படம் எடுத்துப் பார்த்தோம்; வட்டு தேய்ந்துவிட்டதாம்" என்று பலர் கலங்கிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களுக்கு எடுத்த படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து, 2015-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியில்லாத இருபது வயதினரிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு வட்டில் தேய்வு தெரிந்தது. எண்பது வயதினரிலோ நூற்றுக்கு 96 பேருக்கு. பழைய வீட்டின் வாசற்படி தேய்ந்திருப்பதைக் கண்டு, வீடு விழுந்துவிடும் என்று யாரும் அஞ்சுவதில்லை. முதுகைப் பற்றி மட்டும் அவ்வச்சம் வந்துவிடுகிறது. அச்சம் வந்தவர் குனிய மாட்டார்; நடக்க மாட்டார்; படுத்தே இருப்பார். தசைகள் தளரும், முன்பு எளிதாகச் செய்த வேலையும் வலிக்கத் தொடங்கும். 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதுகுவலியுடன் வந்த 203 பேரில் ஒரு சாராருக்கு இரண்டு நாளும், மற்றொரு சாராருக்கு ஏழு நாளும் படுக்கையில் ஓய்வெடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு நாள் ஓய்வு பெற்றவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. அவர்கள் வேலைக்குச் செல்லாத நாட்களும் 45 விழுக்காடு குறைந்திருந்தன.

இயன்முறை மருத்துவத்தின் அடிப்படை இதுதான். வலிக்கிறது என்பதனால் உள்ளே ஏதோ கிழிகிறது என்று பொருளன்று என்பதை நோயாளிக்கு உணர்த்துவதும், உடலைச் சிறிது சிறிதாக இயக்கத்திற்குப் பழக்குவதும் அம்மருத்துவர் செய்யும் பணி. இதில் ஒரு குறை உண்டு. பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். அதுவரை பயிற்சி சலிப்பூட்டும். துணை மருத்துவங்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான்.

அவற்றுள் ஊசிமுறையை, அதாவது அக்குபங்சரை, ஜெர்மனி நாட்டில் ஆராய்ந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அங்கே மருத்துவச் செலவைப் பெரும்பாலும் பொதுக் காப்பீட்டு அமைப்புகளே ஏற்கின்றன. ஊசிமுறைக்கும் பணம் கொடுப்பதா என்ற வினா எழுந்தது. விடை காண்பதற்காகப் பெரியதோர் ஆய்வு நடத்தினார்கள். அதன் முடிவு 2007-இல் வெளியாயிற்று. சராசரியாக எட்டு ஆண்டுகள் வலியுடன் வாழ்ந்த 1,162 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதற் குழுவினருக்குச் சீன நூல்கள் கூறும் புள்ளிகளில் உரிய ஆழத்தில் ஊசி குத்தினார்கள். இரண்டாம் குழுவினருக்கு அப்புள்ளிகளை விட்டு விலகி, வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். தமக்குக் கிடைத்தது மெய்யூசியா பொய்யூசியா என்பது நோயாளிக்குத் தெரியாது. மூன்றாம் குழுவினருக்கு மருந்து, இயன்முறை மருத்துவம், பயிற்சி ஆகிய வழக்கமான சிகிச்சை. ஊசிக் குழுவினருக்கு அரைமணி நேரம் வீதம் பத்து அமர்வுகள். ஓரளவு குணம் கண்டவர்க்கு மேலும் ஐந்து.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மெய்யூசி பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க நலம் பெற்றிருந்தனர். பொய்யூசி பெற்றவர்களில் 44.2 விழுக்காட்டினர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 விழுக்காட்டினர் மட்டுமே.

இம்மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி, இவற்றிலிருந்து என்ன தெரிகிறது என்று வகுப்பில் கேட்டால், முந்திக்கொண்டு கையுயர்த்தும் மாணவன் "ஊசி வென்றது" என்பான். பின்வரிசை மாணவன் "ஊசி தோற்றது" என்பான். இருவரும் எண்களைப் படித்துத்தான் சொல்கிறார்கள். மெய்யூசிக்கும் பொய்யூசிக்கும் இடையே உள்ள வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவினது. ஆகவே, புள்ளிகள் பற்றிய பழைய கொள்கையை இவ்வாய்வு தாங்கவில்லை. ஆனால், இரு ஊசிக் குழுவினரும் மூன்றாம் குழுவினரைவிட மிக முன்னேறியிருக்கின்றனர். ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது. ஊசி தோலைத் தொடுவதால் நரம்புகளில் ஏற்படும் மாற்றமாக இருக்கலாம். குணமாகும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். ஒருவர் அரைமணி நேரம் தம்மைக் கவனித்துக்கொண்டு அருகிலிருந்ததாகவும் இருக்கலாம். மூன்றாம் குழுவினரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். எட்டு ஆண்டுகளாகக் கண்டு அலுத்த சிகிச்சையே மறுபடியும் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த ஏமாற்றமும் எண்ணிக்கையைக் குறைத்திருக்கக்கூடும். இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்ட இந்த ஓர் ஆய்வால் இயலாது. எனவே "ஊசிமுறை இயன்முறை மருத்துவத்தைவிட இருமடங்கு சிறந்தது" என்று எங்கேனும் விளம்பரம் கண்டால், அந்த இரண்டாம் குழுவைப் பற்றி அதில் ஒரு சொல்லாவது உண்டா என்று பாருங்கள்.

ஜெர்மனி என்ன செய்தது? 2007 முதல் நாட்பட்ட இடுப்புவலிக்கு ஊசிமுறைச் செலவைப் பொதுக் காப்பீடு ஏற்கலாயிற்று. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டு நெறிகளை வகுக்கும் நிறுவனம் 2009-இல் ஊசிமுறையைப் பரிந்துரைத்தது. 2016-இல் அப்பரிந்துரையை விலக்கிக்கொண்டது. அமெரிக்க மருத்துவர் கல்லூரியோ, 2017-இல் முதலில் முயலத்தக்கவற்றுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது. அறிவியல் இப்படி முன்னுக்குப்பின் முரணாகப் பேசலாமா என்று சிலர் நகைப்பர். முரண் எண்களில் இல்லை. கேட்ட கேள்வியில் இருக்கிறது. பொய்யூசியைவிட மெய்யூசி சிறந்ததா என்று கேட்டவர்க்கு ஒரு விடை. ஊசி பெற்றவர் பெறாதவரைவிட நலமாக இருக்கிறாரா என்று கேட்டவர்க்கு வேறு விடை.

யோகத்தைப் பற்றிய சான்று வேறு வகையானது. மைசூரிலும் பின்னர்ச் சென்னையிலும் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்த ஆசன முறையின் வழிவந்த பல பயிற்சிகள் இன்று மேனாடுகளில் பரவியுள்ளன. பாஸ்டன் நகரில் ராபர்ட் சேப்பர் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், நாட்பட்ட இடுப்புவலி உடைய 320 பேரை ஆராய்ந்து 2017-இல் முடிவு வெளியிட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வருவாய் குறைந்தவர்கள். ஒரு சாராருக்கு வாரம் ஒரு யோக வகுப்பு; ஒரு சாராருக்கு இயன்முறை மருத்துவம்; எஞ்சியோருக்கு முதுகைப் பேணுவது பற்றிய ஒரு புத்தகம். பன்னிரண்டு வாரத்தின் முடிவில், வலியைக் குறைப்பதிலும் இயக்கத்தை மீட்பதிலும் யோகம் இயன்முறை மருத்துவத்திற்குக் குறைந்ததாக இல்லை. புத்தகம் மட்டும் பெற்றவர்களைவிட யோகம் தெளிவாக முந்திவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் வலி மாத்திரை உண்போர் யோகக் குழுவில் 21, இயன்முறைக் குழுவில் 22 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவாக இருந்தனர். யோகமும் பயிற்சியும் ஒத்த பலன் தந்ததில் எனக்கு வியப்பில்லை. இரண்டிலும் நோயாளி தாமே உடலை இயக்குகிறார்.

அதே சேப்பர், 2008-இல் இணையத்தின் வழியே விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகிய உலோகங்களுள் ஏதேனும் ஒன்றைக் கண்டார். நம் மரபைச் சேர்ந்தது என்பதற்காக ஒன்றை ஏற்கவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. ஆசனத்திற்குத் தனிக் கணக்கு, பெயரறியாத மாத்திரைக்குத் தனிக் கணக்கு.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நெறிகளில் பயிற்சி, நோய் பற்றிய விளக்கம், கைகளால் நீவிவிடுதல், பயிற்சி பெற்றவர் முதுகெலும்பை அசைத்துத் தரும் சிகிச்சை, ஊசிமுறை ஆகியவை இடம்பெற்றுள்ளன. மிளகாய்ச் சத்து சேர்த்த பூச்சுமருந்து ஒன்றும் அப்பட்டியலில் உண்டு. இடுப்புப் பட்டை, இழுவை, கேளா ஒலிச் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டா என்று அது கூறியிருக்கிறது. கடைகளில் தொங்கும் பட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வரும்.

அப்படியானால் ஒத்தடத்தையும் எண்ணெய்த் தேய்ப்பையும் எங்கே வைப்பது? அவை தரும் சுகம் உண்மையானது. ஆனால் நெடுநேரம் நிற்பதில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தவுடன் இறுக்கம் தளர்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில், கற்ற பயிற்சியைச் செய்யலாம். தெருக்கோடி வரை நடந்து வரலாம். ஒத்தடத்தோடு போர்த்திப் படுத்துவிட்டால் அந்தச் சுகம் வீணே கழிகிறது. பிரிட்டனின் 2016 நெறியும், கைச்சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும் என்றது. மூன்று மருத்துவங்களை ஒரே வாரத்தில் தொடங்குவதும் தவறு. எதனால் குணம் கண்டது என்பது தெரியாமற் போகும். வலி மிகுந்திருக்கும் நாளில்தான் நாம் புதிய மருத்துவரிடம் ஓடுகிறோம்; ஏறிய வலி தானாகவே இறங்கும் காலமும் அதுவே. ஆகவே ஒரு குறிப்பேடு வையுங்கள். அதில் வலியை மட்டும் எழுதாமல், இன்று எவ்வளவு தூரம் நடந்தார், எவ்வளவு நேரம் அமர்ந்தார், குடத்தைத் தூக்கினாரா என்பவற்றையும் எழுதுங்கள். வீட்டிலுள்ள பாட்டிக்கோ தந்தைக்கோ நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி இது. வேறு என்ன மருத்துவம் நடக்கிறது என்பதை இயன்முறை மருத்துவரிடம் மறைக்க வேண்டா என்றும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நடையைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. அவர்கள் இடுப்புவலியிலிருந்து அண்மையில் தேறியவர்கள். இயன்முறை மருத்துவரின் துணையுடன் படிப்படியாக நடைப்பயிற்சியைப் பெருக்கியவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலைக் கணக்கில் 208 நாட்கள் ஆயின. அத்தகைய பயிற்சி பெறாதவர்களுக்கு 112 நாட்களிலேயே திரும்பியது.

இதுவரை கூறியவை பொருந்தாத ஒரு சாராரும் உண்டு. இடுப்புவலியோடு காலில் வலிமை குறைந்துகொண்டே வருதல், இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப் போதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்கவோ கழிக்கவோ இயலாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டால், ஒத்தடமும் வேண்டா, ஊசியும் வேண்டா, பயிற்சியும் வேண்டா. அந்நேரமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நரம்புகள் நசுங்கியிருக்கக்கூடும், காலந்தாழ்த்தினால் இழந்த உணர்வு மீளாமற் போகலாம். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், கீழே விழுந்தபின் தோன்றிய கடும் வலி ஆகியவை இருந்தாலும், நீவிவிடுபவரிடம் போகுமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.