கடல் ஆறாகிப் பாயும் இடம்

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் கடல் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். படகு நிதானமாகப் போய்வரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் டால்பட் விரிகுடாவிலோ அந்த வித்தியாசம் 10 மீட்டரைத் தொடும். அங்கே சுற்றுலாப் படகுகள் சீறும் நீரில் பாய்கின்றன.

ஏன் சீறுகிறது? விரிகுடாவின் உட்பகுதிக்கு நீர் போக இரண்டே மலை இடுக்குகள். கடல் ஏறும் வேகத்துக்கு அவற்றால் வழிவிட முடியாது. வெளியே நீர் உயர்ந்து நிற்கும், உள்ளே தாழ்ந்து கிடக்கும். ஒரு மீட்டர் வித்தியாசமே நீரை மணிக்கு சுமார் 16 கி.மீ. வேகத்தில் தள்ளிவிடும். நாலு மீட்டரானால் 32. உயரம் நாலு மடங்கானால் வேகம் இரு மடங்கு, அவ்வளவுதான் கணக்கு. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கொருமுறை ஓட்டம் திசை மாறும். இடையில் சற்று நேரம் நீர் நின்றுவிடும். ஓத அட்டவணை பார்க்காத படகோட்டியை நம்பி ஏறவே கூடாது.

நம் பாம்பன் கால்வாயிலும் நீரோட்டம் வலுத்ததுதான். ஆனால் அங்கே காற்றின் கை ஓங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா நீர் பாக் நீரிணைப் பக்கம் பாயும். வடகிழக்குப் பருவத்தில் திரும்பும். ராமேஸ்வரம் போகும்போது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கட்டாயம் பாருங்கள்.