நாமே செய்யலாம் ஒரு கேஸ் உலை!

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



முதலாம் ஆண்டு ஸ்மிதி ஷாப்பை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வட்டக் கம்பியைச் சதுரக் கம்பியாக அடிக்கச் சொல்வார்கள். சம்மட்டி பிடித்த நேரத்தைவிடக் கரியைப் பற்ற வைக்கப் போராடிய நேரம்தான் அதிகம்! பிளோயர் காற்று குறைந்தால் நெருப்பு அவிந்துவிடும். கூடினால் கம்பி நுனியே எரிந்துபோகும். வெளியே எடுத்தால் கிட்டம் ஒட்டிக்கொண்டு வரும். "இதுக்கு வேற வழியே இல்லையா?" என்று கேட்காதவர் யார்?

வழி இருக்கிறது. அதுதான் கேஸ் உலை. வெளிநாடுகளில் வீட்டுக் கொட்டகையில் இரும்படிப்பவர்கள் பலரும் புரொப்பேன் கேஸில் எரியும் சிறிய உலையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அதில் இயங்கும் உலை ஒன்றை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்தோம். அதில் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் உலை என்றதும் எல்லோருக்கும் கேஸ்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் உலையை நடத்துவது காற்று! காற்றின் கணக்குப் புரிந்தால் உலை நமக்கு அடிமை. புரியாவிட்டால் அதுவே எமன்.

காற்றுக் கணக்கு

ஒரு புரொப்பேன் மூலக்கூறு முழுமையாக எரிய ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம்தான். எனவே 1 பங்கு புரொப்பேனுக்குச் சுமார் 24 பங்கு காற்று தேவை. பியூட்டேனுக்கு இன்னும் அதிகம், சுமார் 31 பங்கு!

இவ்வளவு காற்றை யார் கொண்டுவருவது? கரி உலையில் துருத்தியோ பிளோயரோ காற்றைத் தள்ளுகிறது. இங்கே கேஸே காற்றை இழுத்துக்கொண்டு வருகிறது. சின்னத் துளை வழியே வேகமாகப் பாயும் கேஸ், சுற்றியுள்ள காற்றையும் தன்னோடு குழாய்க்குள் அழைத்துப் போகிறது. ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் வெஞ்சுரிமீட்டர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? குறுகிய இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும் என்ற அந்த விளைவை இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சுரி 1797ல் நூலாக வெளியிட்டார். எரிவதற்கு முன்பே கேஸையும் காற்றையும் கலக்கும் பன்சன் பர்னர் 1855ல் வந்தது. கெமிஸ்ட்ரி லேபில் இருக்கும் அந்த பர்னரின் முரட்டு அண்ணன்தான் நம் உலையின் பர்னர்.

பர்னர்

முக்கால் அங்குல எம்.எஸ். பைப் ஒன்று, நீளம் சுமார் 17 செ.மீ. உள்விட்டத்தைப் போல 8 முதல் 9 மடங்கு நீளம் இருந்தால் கேஸும் காற்றும் நன்றாகக் கலக்கும். ஜி.ஐ. பைப் கூடாது. துத்தநாகப் பூச்சு சூட்டில் ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்க் காய்ச்சல் வரும்.

பைப்பின் பின்பக்கம் அகலமான ரெடியூசர் ஒன்றை மாட்ட வேண்டும். காற்று நுழையும் வாய் இது. இதன் நடுவில் 0.8 மி.மீ. துளையுள்ள பித்தளை ஜெட். துளை சரியாகப் பைப்பின் மையக் கோட்டைப் பார்க்க வேண்டும். இங்கே லேத் வேலையில் சோம்பல் காட்டினால் பர்னரே வீண்! ஜெட் சாய்ந்தால் கேஸ் பைப் சுவரில் மோதும், காற்றை இழுக்கும் சக்தி குறையும். காற்று வாயின் முன் முன்னும் பின்னும் நகரும் ஒரு தகடு வைத்தால் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் இதற்கு உதவாது. அது தருவது 30 மில்லிபார் அளவுதான். அழுத்தமானி பொருத்திய ஹை பிரஷர் ரெகுலேட்டரும் அதற்கேற்ற ஹோஸும் வேண்டும். நாங்கள் பெரும்பாலும் அரை பார் அழுத்தத்தில் ஓட்டினோம்.

உலைக் கூடு

10 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாயில் 30 செ.மீ. துண்டு போதும். பழைய கேஸ் சிலிண்டரை வெட்டலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம்! சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. மேலும், காலியானதாகத் தெரியும் சிலிண்டரிலும் கேஸ் மிச்சம் இருக்கும்.

குழாயின் உட்புறம் 25 மி.மீ. செராமிக் ஃபைபர் பிளாங்கெட் இரண்டு அடுக்கு. 1260 டிகிரி தாங்கும் ரகம் கேட்டு வாங்குங்கள். இரண்டு அடுக்கு போனால் உள்ளே 15 செ.மீ. விட்டம் மிஞ்சும். கொள்ளளவு 5 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு முக்கால் அங்குல பர்னருக்கு இதுதான் சரியான வயிறு. பெரிதாக்கினால் சூடு ஏறாது.

பிளாங்கெட்டை வெட்டும்போது கட்டாயம் நல்ல முகமூடி, கையுறை. அந்த இழைகள் நுரையீரலுக்குப் பகை. வைத்த பிறகு கொலாய்டல் சிலிக்கா கரைசல் தெளித்துக் காயவிட்டு, மேலே ரிஃப்ராக்டரி மார்ட்டர் பூச வேண்டும். பூச்சு இல்லாவிட்டால் உலை எரியும்போதெல்லாம் இழை பறக்கும். தரைக்கு ஹை அலுமினா செங்கல்; வெண்காரம் போட்டு வெல்டிங் அடித்தால் உருகிய வெண்காரம் பிளாங்கெட்டைக் கரைத்துவிடும். பின்பக்கமும் ஒரு சிறு வாசல் விடுங்கள், நீளக் கம்பி நுழையும். பர்னரைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தினால் சுவாலை உள்ளே சுழன்று எல்லாப் பக்கமும் சூடேறும்.

பற்றவைக்கும் ஒழுங்கு

1. எல்லா இணைப்பிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் அன்றைக்கு உலை கிடையாது.
2. முதலில் எரியும் காகிதம் உலைக்குள், பிறகுதான் கேஸ். மாற்றிச் செய்தால் உள்ளே நிறைந்த கேஸ் 'டம்' என்று வெடித்து முகத்தில் அடிக்கும். வாசலுக்கு நேரே நிற்காதீர்கள்.
3. பர்னருக்குள் 'பட் பட்' என்று சத்தம் வந்தால் சுவாலை பைப்புக்குள் பின்வாங்குகிறது என்று பொருள். உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் அழுத்தம் குறைவாக இருப்பதே காரணம்.
4. அணைக்கும்போது சிலிண்டர் வால்வை முதலில் மூடுங்கள். ஹோஸில் இருப்பது எரிந்து தீரட்டும். பிறகு ரெகுலேட்டர்.

சுவாலை பேசும்

வாசலில் நீளமான மஞ்சள் நாக்கு வந்தால் காற்று போதவில்லை; கேஸும் வீண், விஷவாயுவும் கூடும். நாக்கே இல்லாமல் இரைந்தால் காற்று அதிகம். இரும்பில் செதில் கட்டியாக ஏறும். வாசலில் சின்னதாக நீல நாக்கு நின்றால் சரி. மைல்ட் ஸ்டீலை மஞ்சள் நிறத்தில், சுமார் 1200 டிகிரியில், எடுத்து அடிக்கலாம். சிவப்புக்கு இறங்கியதும் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். லாரிப் பட்டை போன்ற கார்பன் கூடிய இரும்புக்கு இன்னும் குறைந்த சூடு போதும்.

உயிர் முக்கியம்

இப்போது மறுபடியும் காற்றுக் கணக்கு. 0.8 மி.மீ. ஜெட்டில் அரை பார் அழுத்தத்தில் மணிக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கேஸ் செலவாகும். 19 கிலோ சிலிண்டர் 25 மணி நேரம் வரும். ஆனால் அந்த முக்கால் கிலோ எரிய சுமார் 10 கன மீட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயர அறையில் இருப்பதே 28 கன மீட்டர். கதவை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் வேலை செய்தால் அறையின் ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கை உலை குடித்துவிடும்! அதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு நம்மைச் சாய்த்துவிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உலையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியே ஓடுங்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில், சாக்கடையில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆகவே உலையின் இடம் திறந்த கொட்டகைதான். சிலிண்டர் நிமிர்ந்தே, உலையிலிருந்து தள்ளி நிற்கட்டும். கேஸ் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். அதற்காக நெருப்புக் காட்டுவது தற்கொலை. வீட்டுச் சிலிண்டரை இதற்கு எடுப்பது சட்டப்படியும் தவறு. வணிகச் சிலிண்டர், ஒர்க்ஷாப் சூப்பிரண்டெண்டின் அனுமதி, பக்கத்தில் தீயணைப்பான், கூட ஒரு ஆள்... இவை இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

யாருக்குப் பயன்?

எங்கள் ஊர்ப் பட்டறைப் பெரியவர் ஒருவருக்கு இந்த உலையைக் காட்டினோம். அரிவாள், உளி எல்லாம் அடித்துப் பார்த்தார். துருத்திக்கு ஆள் வேண்டாம், கிட்டம் இல்லை, சூடு ஒரே சீராக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். ஆனால் மண்வெட்டி வாசலில் நுழையவில்லை. கரியில் இரும்பின் ஒரு முனையை மட்டும் காய்ச்சலாம். இதில் உள்ளே போனதெல்லாம் காய்கிறது என்றார். அவர் சொன்னது உண்மை. கரி உலையை ஒழித்துக்கட்ட வந்ததல்ல இது. கரி கிடைக்காத நாளில், ஒண்டி ஆளாக உளியும் கத்தியும் அடிக்கிறவருக்கு இது ஒரு துணை.

ஜூனியர் நண்பர்களே! எங்கள் டிராயிங்கை டிபார்ட்மென்ட் நூலகத்தில் கொடுத்திருக்கிறோம். அகலமான வாசல், மண்வெட்டி நுழையும் கூடு, அதற்கு இரட்டை பர்னர்: இதுதான் அடுத்த வேலை. இரண்டு பர்னர் என்றால் காற்றும் இரண்டு மடங்கு என்பதை மட்டும் மறக்காதீர்கள். கணக்கைப் போட்டுவிட்டுச் சம்மட்டியைத் தூக்குங்கள்!