கோப்பி அருந்துதலும் பற்களின் பாதுகாப்பும்

பரீட்சை நெருங்கும் நாட்களில், இரவு கண்விழித்துப் படிப்பதற்காகக் கோப்பியை நாடும் மாணவர்கள் பலர். “கோப்பி குடித்தால் பல் பழுதாகும்” என்று வீட்டில் பெரியவர்கள் கூறுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். இக்கூற்று எந்தளவுக்குச் சரியானது? இதனை விளங்கிக்கொள்ள, பற்களில் கறை படிதல் வேறு, பற்சிதைவு வேறு என்பதை முதலில் மனதிற் கொள்ளுங்கள்.

1. மிளிரி

பல்லின் முடிப் பகுதியை மூடியுள்ள வெண்ணிறப் படை மிளிரி எனப்படும். மனித உடலில் மிகவும் கடினமான பகுதி இதுவே. இதன் திணிவில் ஏறத்தாழ 96 சதவீதம் கனியுப்புகளாகும். கல்சியம், பொசுபேற்று ஆகியவற்றைக் கொண்ட ஐதரொட்சி அப்பதைற்று இவற்றில் பிரதானமானது. எப்பாவலையில் அகழப்படும் அப்பதைற்றுக் கனியமும் இதே இனத்தைச் சேர்ந்ததாகும்.

மிளிரியை உருவாக்கும் கலங்கள், பல் முளைத்த பின்னர் எஞ்சியிருப்பதில்லை. எனவே எலும்பு முறிந்தால் மீண்டும் பொருந்துவது போல, தேய்ந்துபோன மிளிரி மீண்டும் வளர மாட்டாது.

2. கறை படிதல்

உமிழ்நீரிலுள்ள புரதங்கள் மிளிரியின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. கோப்பியிலுள்ள கடும் நிறச் சேர்வைகள் இப்படலத்தில் ஒட்டிக்கொள்வதால் பல் மஞ்சள் அல்லது கபில நிறமடைகின்றது. தேநீர், வெற்றிலை, புகையிலை என்பனவும் இவ்வாறே கறையை ஏற்படுத்தும். கோப்பிக் கறை தோற்றத்தைப் பாதிக்குமே தவிர, அது தானாகப் பல்லில் குழியை ஏற்படுத்துவதில்லை.

பல்லில் காணப்படும் எல்லாக் கபில நிறமும் கோப்பியால் வந்தவை அல்ல. அநுராதபுரம் போன்ற உலர் வலயப் பிரதேசங்களில் சில கிணறுகளின் நீரில் புளோரைட்டு மிகையாக உள்ளது. பல் உருவாகும் சிறுபராயத்தில் இந்நீரைத் தொடர்ந்து பருகியவர்களின் மிளிரியில் வெண்புள்ளிகளோ கபில நிறமோ தோன்றலாம். இது மிளிரிக்குள்ளேயே அமைந்திருப்பதால் பல் துலக்குவதால் நீங்காது.

3. பற்சிதைவு

பற்சிதைவை ஏற்படுத்துவதில் முதலிடம் பெறுவது கோப்பித் தூளன்று, அதனுடன் சேர்க்கும் சீனியே. வாயிலுள்ள பற்றீரியாக்கள் சீனியை நொதிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. பல்லின் மேற்பரப்பில் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.5 இலும் குறையும்போது மிளிரியிலிருந்து கல்சியம், பொசுபேற்று அயன்கள் கரைந்து வெளியேறத் தொடங்கும். பின்னர் உமிழ்நீர் இவ்வமிலத்தை நடுநிலையாக்கி, இழந்த அயன்களில் ஒரு பகுதியை மீண்டும் சேர்க்கின்றது. இதற்கு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை செல்லலாம்.

சீனி சேர்க்காத கோப்பியும் ஓரளவு அமிலத்தன்மையானதே. அதன் பீ.எச். பெறுமானம் சுமார் 5 ஆகும். எனினும் எலுமிச்சைச் சாறு, மென்பானம் என்பவற்றுடன் ஒப்பிடுகையில் அதன் தாக்கம் குறைவு. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு கோப்பி குடிப்பதால் பல் தப்பிவிடும் என எண்ண வேண்டாம். பனங்கட்டியிலும் பெருமளவில் இருப்பது சுக்குரோசே.

4. எத்தனை தடவை?

பின்வரும் உதாரணத்தை அவதானியுங்கள்.

மாணவர் அ: இரண்டு தேக்கரண்டி சீனி சேர்த்த ஒரு கோப்பை கோப்பியைப் பத்து நிமிடங்களில் குடித்து முடிக்கின்றார்.

மாணவர் ஆ: அதே அளவு கோப்பியைப் புத்தகத்தின் அருகே வைத்து, இரண்டு மணி நேரமாகச் சிறிது சிறிதாகக் குடிக்கின்றார்.

இருவரும் உட்கொண்ட சீனியின் அளவு சமம். ஆயினும் ஆ என்பவரின் வாயில் உமிழ்நீர் அமிலத்தை நடுநிலையாக்கும் முன்னரே அடுத்த மிடறு சென்றுவிடுகின்றது. ஆகவே அவரது பற்களுக்கே பாதிப்பு அதிகம். கோப்பி குடித்துவிட்டுப் பல் துலக்காமல் உறங்குவது இதனிலும் தீங்கானது. ஏனெனில் உறக்கத்தின்போது உமிழ்நீர் சுரத்தல் பெரிதும் குறைகின்றது.

5. நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

• சீனியைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம் எனின், இரண்டு கரண்டி வீதம் மூன்று கோப்பைகளில் 24 கிராம் சீனி உடலைச் சேரும்.
• கோப்பியை ஒரே தடவையில் குடித்து முடித்து, வாயை நீரினால் கொப்பளியுங்கள்.
• குடித்தவுடனேயே பல் துலக்காது, அரை மணி நேரமாவது பொறுத்திருங்கள்.
• காலையிலும் உறங்கச் செல்லும் முன்பும் புளோரைட்டு உள்ள பற்பசையினால் பல் துலக்குங்கள்.
• கறையைப் போக்குவதற்காகக் கரி, உப்பு, செங்கல் தூள் என்பவற்றால் அழுத்தித் தேய்க்காதீர்கள். கறையுடன் மிளிரியும் தேய்ந்து, பற்கூச்சம் உண்டாகும். மிளிரி மெலியும்போது அதன் கீழுள்ள மஞ்சட் படை தெரிவதால் பல் முன்னரிலும் மஞ்சளாகவே தோன்றும்.
• பல்லில் கரும்புள்ளியோ குழியோ தென்பட்டால், வலி வரும்வரை காத்திராது அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவை நாடுங்கள்.

மாதிரி வினா

சீனி சேர்த்த கோப்பியை அடிக்கடி சிறிது சிறிதாக அருந்துவது பற்சிதைவுக்கு ஏதுவாகின்றது. விளக்குக.

விடையில் இடம்பெற வேண்டியவை

(i) பற்றீரியாக்கள் சீனியிலிருந்து அமிலத்தை உண்டாக்குதல்.
(ii) பீ.எச். பெறுமானம் 5.5 இலும் குறைய, மிளிரியின் கனியுப்புகள் கரைதல்.
(iii) உமிழ்நீர் அமிலத்தை நடுநிலையாக்கப் போதிய நேரம் கிடைக்காமை.

“கோப்பியின் நிறத்தினால் பல் சிதைகின்றது” என எழுதினால் அது தவறான விடையாகும்.