தோற்ற குதிரையைத் தேடி: ரேஸ் ரீப்ளேயில் எதைப் பார்க்கணும்?

1986 எப்சம் டெர்பி வீடியோவை இதுவரை பார்க்காதவங்க ஒருமுறை தேடிப் பாருங்க. ஃபேவரிட் குதிரை டான்சிங் பிரேவ். ஓட்டியவர் கிரெவில் ஸ்டார்கி. எப்சமின் இறக்கமான வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் வரும்போது குதிரை ரொம்பப் பின்னாடி இருக்கும். அங்கிருந்து வெளிப்பக்கமாக வந்து ஒவ்வொரு குதிரையாகத் தாண்டும். ஆனால் வின்னிங் போஸ்ட் வந்துவிடும். ஷஹ்ராஸ்தானி அரை லென்த்தில் ஜெயித்துவிட்டது. (லென்த் என்றால் ஒரு குதிரையின் நீளம், சுமாராக 2.4 மீட்டர்.)

ரிசல்ட் தாளில் இது வெறும் "இரண்டாவது இடம், அரை லென்த்". வீடியோவில் இருப்பது வேறு கதை. அந்த வித்தியாசத்தில்தான் காசு இருக்கிறது என்று நம்பும் ஒரு பெரிய கூட்டம் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் இதை ட்ரிப் ஹாண்டிகேப்பிங் என்பார்கள். ட்ரிப் என்றால் அந்த ரேஸில் அந்தக் குதிரைக்கு அமைந்த பயணம்: எங்கே அடைபட்டது, எவ்வளவு சுற்றி ஓடியது, யாரோடு மல்லுக்கட்டியது. வாஷிங்டன் போஸ்ட் பத்தியாளர் ஆண்ட்ரூ பேயர் 1975இல் வெளியிட்ட 'பிக்கிங் வின்னர்ஸ்' புத்தகத்தில் ஓட்ட நேரத்தை வைத்து குதிரைகளுக்கு மதிப்பெண் போடும் முறையைப் பிரபலமாக்கினார். 1983இல் வந்த 'தி வின்னிங் ஹார்ஸ்பிளேயர்' புத்தகத்தில் அவரே ட்ரிப் பக்கம் சாய்ந்தார். காரணம் எளிமையானது. வேக மதிப்பெண் எல்லாருக்கும் தெரிந்துபோனால் அதில் லாபம் இல்லை. கண்ணால் பார்த்து எழுதிய குறிப்பு அடுத்தவனிடம் இருக்காது.

அந்தக் காலத்துக்கு அது சரி. இன்றைக்கு? ஹாங்காங் ஜாக்கி கிளப் தளத்தில் பழைய ரேஸ் வீடியோ, ஒவ்வொரு பகுதிக்குமான நேரம், ஒவ்வொரு குதிரையும் எப்படி ஓடியது என்ற வரி எல்லாமே இலவசம். நீங்க பார்க்கும் வீடியோவைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதனால் "துரதிர்ஷ்டக் குதிரையைக் கண்டுபிடிப்பது எப்படி" என்பது பாதிக் கேள்விதான். அடுத்தவன் கண்ணில் படாத துரதிர்ஷ்டம் எது என்பதுதான் மீதிப் பாதி.

இதை ஒரு சின்னக் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஹாங்காங்கில் வின் பந்தயத்துக்குக் கட்டிய மொத்தப் பணத்தில் 17.5 சதவீதத்தை கிளப் எடுத்துக்கொள்ளும். மீதி 82.5 ஜெயித்தவர்களுக்கு. கூட்டம் கட்டும் பணமே விலையைத் தீர்மானிக்கிறது. ஒரு குதிரைக்கு 20 சதவீத வாய்ப்பு என்று கூட்டம் நினைத்தால், மொத்தப் பணத்தில் 20 சதவீதம் அதன் மேல் விழும். ஜெயித்தால் 1 ரூபாய்க்கு 82.5 ÷ 20, அதாவது 4.12 ரூபாய் திரும்ப வரும். ரீப்ளே பார்த்த உங்களுக்கு மட்டும் அதன் நிஜ வாய்ப்பு 25 சதவீதம் என்று தெரியும் என்று வைப்போம். நீங்க நினைத்ததும் சரி என்றே வைப்போம். 4.12 × 0.25 = 1.03. நூறு ரூபாய்க்கு சராசரி லாபம் மூன்று ரூபாய்.

இப்போது அந்தக் குதிரை அடைபட்டதை ஊரே பார்த்துவிட்டது, எல்லாரும் போட்டி போட்டுக் கட்டி அதன் பங்கு 28 சதவீதத்துக்குப் போய்விட்டது என்று வைப்போம். விலை 2.95. உங்க மதிப்பீடு அதே 25 சதவீதம், அதுவும் சரியானதுதான். 2.95 × 0.25 = 0.74. நூறு ரூபாய்க்கு 26 ரூபாய் நஷ்டம். குதிரை விஷயத்தில் நீங்க சொன்னது சரி, காசு விஷயத்தில் அடி. ரேஸ் பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

ஜெனியாட்டா கதை இதற்கு இன்னொரு உதாரணம். 2010 பிரீடர்ஸ் கப் கிளாசிக், சர்ச்சில் டவுன்ஸ். ஆரம்பத்தில் கூட்டத்தை விட்டு அநியாயத்துக்குப் பின்தங்கி, கடைசியில் பறந்து வந்து, பிளேம் என்ற குதிரையிடம் ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றது. ஜாக்கி மைக் ஸ்மித் அதன்பிறகு தன்னையே நொந்துகொண்டார். அமெரிக்காவே அழுதது. ஆனால் பந்தயக்காரன் கண்ணில் இதில் எதுவுமே இல்லை. ஒன்று, 20 ரேஸில் 19 வெற்றியோடு அது அத்தோடு ஓய்வு பெற்றுவிட்டது, அடுத்த தடவை என்பதே கிடையாது. இரண்டு, அது எப்போதும் கடைசியிலிருந்து வரும் குதிரை. ஒவ்வொரு ரேஸிலும் நடப்பதற்குப் பெயர் துரதிர்ஷ்டம் இல்லை, சுபாவம்.

இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். ஸ்டார்ட்டிங் கேட்டில் தடுமாறிய குதிரையைக் குறித்துக்கொள்வதற்கு முன்னாடி அதன் முந்தைய மூன்று நாலு ரீப்ளேயைப் பார்க்கணும். தினமும் லேட்டாக வருகிறவன் இன்றைக்கும் டிராபிக் என்று சொன்னால் நாம் நம்புவோமா? அதே மாதிரிதான் அடைபடுவதும். முன்னே இரண்டு குதிரைகளுக்கு நடுவில் ஒரு வழி ஒரு நொடி திறக்கும், வேகமுள்ள குதிரை பாய்ந்து நுழைந்துவிடும். வேகம் இல்லாதது நுழைவதற்குள் வழி மூடிவிடும். வீடியோவில் பார்ப்பவனுக்கு "பாவம், வழி கிடைக்கலை". நிஜத்தில் வழி கிடைக்காததற்குக் காரணமே குதிரைதான்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஜாக்கியின் கைகளைப் பாருங்க. குதிரையை விரட்டாமல், கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி, சேணத்தில் எழுந்து நின்று வழி தேடிக்கொண்டிருந்தால் குதிரையிடம் இன்னும் சக்தி இருக்கிறது. ஏற்கெனவே விரட்டி, சவுக்கையும் எடுத்தபிறகு அடைபட்டிருந்தால் அந்த அடைப்பால் இழந்தது குறைவு. அடுத்தது, வழி கிடைத்தபிறகு என்ன செய்தது? மறுபடி வேகம் எடுத்ததா, இல்லை அப்படியே தேங்கிவிட்டதா? அமெரிக்கப் பழக்கம் ஒன்று எனக்குப் பிடிக்கும். வின்னிங் போஸ்ட்டைத் தாண்டியபிறகும் வீடியோவை நிறுத்தாமல், குதிரைகள் வேகத்தைக் குறைக்கும் இடத்தைப் பார்ப்பார்கள். ஜெயித்ததைப் போஸ்ட்டுக்கு அப்புறம் சுலபமாகத் தாண்டிப் போகும் நாலாவது குதிரை ஒரு தகவல். (எல்லா வீடியோவும் அதுவரை ஓடாது, அது வேறு எரிச்சல்.)

இது எல்லாமே கண்ணில் படும் வகை. கண்ணில் படாத வகைக்கு வருவோம். என்னைக் கேட்டால் சரக்கு இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, வளைவில் சுற்றி ஓடுவது. இதில் நாடகமே இல்லை. யாரும் யாரையும் இடிக்கவில்லை, குதிரை அழகாக வெளியே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வட்டத்தின் கணக்கு இரக்கமில்லாதது. அரைவட்ட வளைவில் உள் வேலியிலிருந்து 1 மீட்டர் தள்ளி ஓடினால் கூடுதல் தூரம் π × 1, அதாவது 3.14 மீட்டர். வளைவு பெரிசா சின்னதா என்பது இதில் வரவே வராது, ஆரம் கழிந்துபோய்விடும். ஒரு குதிரைக்கு 1 மீட்டர் இடம் என்று வைத்தால், வேலியிலிருந்து நாலாவதாக ஓடும் குதிரை மூன்று மீட்டர் வெளியே இருக்கிறது. ஒரு வளைவுக்கு 9.4 மீட்டர், கிட்டத்தட்ட நாலு லென்த். இரண்டு வளைவு உள்ள ரேஸ் என்றால் இருமடங்கு. மூன்று லென்த்தில் ஐந்தாவதாக வந்த குதிரை நிஜத்தில் ஜெயித்ததைவிட அதிகத் தூரம் ஓடியிருக்கலாம்.

ஆனால் இதிலும் பொறி உண்டு. நேர்ப்பாதையில் வெளியே ஓடினால் நஷ்டம் ஏதும் கிடையாது, அங்கே எல்லாக் கோடும் ஒரே நீளம். பலர் நேர்ப்பாதையில் வெளியே வந்ததைத்தான் "ரொம்ப சுத்திட்டான்" என்று எழுதுகிறார்கள். இன்னொன்று, ட்ராக்கின் நிலை. வேலியோரம் மண் கனமாக இருக்கும் நாளில் வெளியே ஓடியதுதான் அதிர்ஷ்டம். அன்றைக்கு நடந்த எல்லா ரேஸையும் பார்க்காமல் ஒன்றை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

இரண்டாவது, வேகப்போட்டி. ஆரம்பத்தில் மூன்று குதிரைகள் முன்னே போக அடித்துக்கொண்டு, முதல் பாதியைத் தேவைக்கு மேல் வேகமாக ஓடினால் மூன்றும் கடைசியில் விழும். பின்னாடி சும்மா இருந்தது வந்து ஜெயிக்கும். அந்த மூன்றில் கடைசிவரை தாக்குப்பிடித்து மூன்று லென்த்தில் தோற்றது எதுவோ, அதுதான் பெரும்பாலும் அன்றைய சிறந்த குதிரை. ரீப்ளேயில் அது களைத்துப்போய் எல்லாரிடமும் தாண்டு வாங்குவது மட்டும்தான் தெரியும். பின்னாலிருந்து பறந்து வரும் குதிரையை மனசு நினைவில் வைத்துக்கொள்ளும், முன்னாலிருந்து தேய்ந்து போவதை மறந்துவிடும். பகுதி நேரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் இது தெரியும். அடுத்த ரேஸில் முன்னே போகும் குதிரை வேறு ஏதும் இல்லையென்றால் அதைக் கவனிக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு நம்மூர் விஷயம். குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழ்நாடு சட்டம் போட்டது, அதை எதிர்த்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் பெருமளவுக்குத் திறமையின் ஆட்டம், சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பு சொன்னது. சட்டத்துக்கு அது போதும். ஆனால் ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்பதும், என்னிடம் அந்தத் திறமை இருக்கிறது என்பதும் வேறு வேறு. இரண்டாவதைச் சோதித்துப் பார்ப்பது நினைப்பதைவிடக் கடினம்.

மேலே போட்ட அந்த மூன்று சதவீத லாபத்தையே எடுத்துக்கங்க. 4.12 விலை, 25 சதவீத வெற்றி என்றால் ஒரு பந்தயத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 1.79 ரூபாய். அதன் நடுவே 3 காசு லாபம் நிஜம்தானா, வெறும் அதிர்ஷ்டமா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல சுமார் 13,000 பந்தயம் வேணும். வாரத்துக்கு ஐந்து என்றால் 50 வருஷம். ஒரு சீசன் லாபத்தைக் காட்டி "என் முறை வேலை செய்யுது" என்று சொல்பவருக்கும், ஒரு சீசன் நஷ்டத்தில் விட்டுவிட்டவருக்கும் உண்மையில் ஒன்றுமே தெரிந்திருக்காது.

அதனால் காசை வைத்துச் சோதிக்காமல் லென்த்தை வைத்துச் சோதிக்கலாம். ஜெயித்தது, தோற்றது என்பதைவிட எவ்வளவு தூரத்தில் தோற்றது என்பதில் தகவல் அதிகம். நீங்க குறித்த குதிரை போன ரேஸில் ஐந்து லென்த்தில் தோற்றது, அடுத்த ரேஸில் இரண்டு லென்த்தில் தோற்றது, மூன்று லென்த் முன்னேற்றம். அப்பாடா என்று தோணும். இங்கேதான் பெரிய பொறி. மோசமாக ஓடிய எந்தக் குதிரையும் அடுத்த தடவை சராசரியாகக் கொஞ்சம் மேலே வரும். ஒரு பரீட்சையில் வழக்கத்தைவிடக் குறைவாக வாங்கிய பையன் அடுத்ததில் ஏறுவது மாதிரி, ட்யூஷன் வைத்தாலும் வைக்காவிட்டாலும். எனவே நீங்க குறித்த ஒவ்வொரு குதிரைக்கும் ஜோடியாக இன்னொன்றையும் எழுதி வைக்கணும்: அதே தரமுள்ள ரேஸில், அதே தூரத்தில் தோற்ற, எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடிய குதிரை. உங்க குதிரைகள் மூன்று லென்த் முன்னேறி, ஜோடிகளும் மூன்று லென்த் முன்னேறியிருந்தால் ரீப்ளே உங்களுக்கு எதையும் சொல்லவில்லை.

குறிப்பு எழுதும் விதத்திலும் கவனம் வேணும். முடிந்தால் ரிசல்ட் தெரியாமல் முதலில் பாருங்க. ஜெயித்தது எது என்று தெரிந்தபிறகு மூளை அதற்கேற்ற காரணங்களைத் தானாகவே எடுத்துக் கொடுக்கும். முன்பக்கத்திலிருந்து எடுத்த வீடியோ கிடைத்தால் அதையும் பாருங்க. பக்கவாட்டில் தெரியாத இடிபாடும் சாய்வும் அதில்தான் தெரியும். "துரதிர்ஷ்டம்" என்ற வார்த்தையை எழுதாமல் லென்த்தில் ஒரு எண் எழுதுங்க: அடைபட்டது 2, வளைவு 4, மொத்தம் 6. எண் தப்பாக இருக்கலாம், ஆனால் பின்னாடி சரிபார்க்க முடியும்.

டான்சிங் பிரேவுக்கு என்ன ஆனது? அடுத்து சாண்டவுனில் எக்லிப்ஸ் ரேஸ். டெர்பியை ஊரே பார்த்திருந்ததால் அது பெரிய ஃபேவரிட், நாலு லென்த்தில் ஜெயித்தது, கட்டியவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அதற்குள் ஷஹ்ராஸ்தானி ஐரிஷ் டெர்பியில் எட்டு லென்த்தில் ஜெயித்திருந்தது. ஜூலையில் ஆஸ்காட்டில் கிங் ஜார்ஜ் ரேஸில் இரண்டும் மறுபடி மோதியபோது கூட்டம் ஷஹ்ராஸ்தானியை ஃபேவரிட் ஆக்கியது. எட்டு லென்த் வெற்றி புதுசு, டெர்பி பழசு. பேட் எட்டெரி ஓட்டிய டான்சிங் பிரேவ் ஜெயித்தது, ஷஹ்ராஸ்தானி நாலாவது. அக்டோபரில் பாரிஸில் ஆர்க் ரேஸையும் அதுவே எடுத்தது. ஒரே டெர்பி ரீப்ளேதான். அதே குதிரைக்கு, அடுத்த ரேஸைவிட அதற்கடுத்த ரேஸில்தான் விலை நல்லதாக இருந்தது.

அதனால் என் நோட்டில் ஒவ்வொரு குதிரைக்குப் பக்கத்திலும் இரண்டு விஷயம் எழுதுவேன்: எத்தனை ரேஸ் வரை இந்தக் குறிப்பு செல்லும், எந்த விலைக்குக் கீழே தொடக்கூடாது. விலை அதற்குக் கீழே போய்விட்டால் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். அந்த ரேஸின் ரீப்ளேயும் சாயங்காலம் வந்துவிடும்.