குளிகைக்கு அடங்காத சீனி வருத்தம்: வலப்பனையிலிருந்து ஓர் அனுபவம்

"ஊசி போட ஆரம்பிச்சா அவ்வளவுதான் புள்ள. பெரியம்மா கதை ஒனக்குத் தெரியுந்தானே?"

2022 மார்ச் கடைசி வாரத்தில், வைத்தியசாலையிலிருந்து இரண்டு இன்சுலின் குப்பிகளோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட வாரம் அது. குப்பிகளைக் குளிரில் வைக்கும்படி சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்த குளிர்சாதனப் பெட்டியோ வெறும் அலுமாரி போல நின்றது.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்களில் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. அங்கே காடு வெட்டி, காணி பிடித்து, பிள்ளைகளை வளர்த்தார். நாற்பது வயதுக்குப் பிறகு சீனி வருத்தம் வந்தது. சில வருடங்களில் ஊசிக்கு மாற்றினார்கள். 2009இல் இடம்விட்டு இடம் ஓடிய மாதங்களில் அவர் இறந்துபோனார். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த உறவினர் ஒருவர் வழியாகத்தான் எங்களுக்குச் செய்தி கிடைத்தது. "சீனிக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாங்க, தவறிட்டாங்க" என்று அம்மாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஊசி என்றால் சாவு என்று ஆகிவிட்டது.

நான் வலப்பனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. இந்த வருத்தத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டதை எழுதுவதற்குக் காரணம், என்னைப் போலவே தவறான பெயரில் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் வேறு பலரும் இருக்கக்கூடும் என்பதுதான்.

தவறான பெயர்

2021இல், என் 37ஆவது வயதில், தாகமும் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தொடங்கின. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி 268 மில்லிகிராம். "இரண்டாம் வகை சலரோகம்" என்று கிளினிக் கொப்பியில் எழுதினார்கள். மெட்போமின் குளிகை தந்தார்கள். பிறகு கிளிக்லசைட் சேர்ந்தது. பிறகு அதன் அளவும் கூடியது.

நான் சொன்னபடி நடந்தேன். சாயத்தண்ணிக்குச் சீனி போடுவதை விட்டேன். கோதுமை மா ரொட்டியை ஒன்றாகக் குறைத்தேன். பஸ்ஸை விட்டு முன்னாலேயே இறங்கி மலையேறி நடந்தேன். ஆனாலும் சீனி இறங்கவில்லை. 54 கிலோவாக இருந்த நான் பத்து மாதத்தில் 45 கிலோவுக்கு வந்தேன். ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரே கேள்விதான்: "களவா இனிப்பு சாப்பிடுறீங்களா?" கடைசியில் எனக்கே என்மீது சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கொடுத்த ஒரு டொபியைக்கூட நினைத்து நினைத்துக் குற்றவாளியாக நின்றேன்.

பிறகு என்னைப் பார்த்த இளம் வைத்தியர் ஒருவர் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். மெலிந்த உடம்பு, நாற்பதுக்குக் குறைந்த வயது, குளிகைக்கு அடங்காத சீனி, குறைந்துகொண்டே போகும் எடை. குடும்பத்தில் யாருக்காவது தைரொயிட் வருத்தம் உண்டா என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்தது. "இது நீங்க நினைக்கிற வருத்தமில்ல போல" என்றார். கண்டியிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றுக்கு இரத்தம் கொடுக்கச் சொன்னார்.

உடம்பே உடம்பைத் தாக்கும்போது

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் சதையி என்று படித்திருப்போம். கணையம் என்றும் சொல்வார்கள். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் அந்த உறுப்பில் இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் சிறுசிறு திட்டுகளாக இருக்கின்றன. சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் குளுக்கோசு தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் போவதற்குக் கதவைத் திறந்துவிடுவது இன்சுலின்தான்.

நாம் அதிகம் கேள்விப்படும் இரண்டாம் வகை சலரோகத்தில் பெரும்பாலும் இன்சுலின் சுரக்கும். ஆனால் உடம்பு அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது. சிறுவர்களுக்கு அதிகம் வரும் முதலாம் வகையில், நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி ஆள் மாறித் தன் சொந்தச் சதையியையே தாக்கி, இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடும். அந்தத் தாக்குதல் பெரியவர்களிடம் மெதுவாக, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நடப்பதும் உண்டு. ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் கலங்கள் சமாளிப்பதால் குளிகை வேலை செய்வது போலத் தெரியும். பிறகு கைவிடும்.

1993இல் பின்லாந்தின் தீனமைய துவோமி, அவுஸ்திரேலியாவின் போல் சிம்மெற் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைத் தனியாக அடையாளம் காட்டினார்கள். 'லாடா' என்ற சுருக்கப் பெயரில் வைத்தியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வகைப்படுத்தலில் இதற்குத் தனி இடம் இருக்கிறது. 1997இல் வெளியான பெரிய பிரித்தானிய ஆய்வொன்றில், இரண்டாம் வகை என்று புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு இந்தத் தாக்குதலின் தடயம் இரத்தத்தில் இருந்தது. 25 முதல் 34 வயதுக்குட்பட்டவர்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஆசிய மக்களிடையே வீதம் குறைவு. ஆனால் பரிசோதிக்காத இடத்தில் குறைவு என்பதும் தெரியவராது, கூட என்பதும் தெரியவராது.

இரண்டு பரிசோதனைகள் முக்கியமானவை. ஒன்று, 'கேட்' எனப்படும் நொதியத்துக்கு எதிரான பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் தாக்குதல் நடக்கிறது. மற்றது 'சி-பெப்ரைட்'. சதையி இன்சுலினை உண்டாக்கும்போது கூடவே வெளிவரும் பொருள் அது. அதன் அளவைக் கொண்டு சொந்த இன்சுலின் எவ்வளவு மிச்சம் என்று மதிப்பிடலாம். எனக்கு முதலாவது மிக உயர்வாக இருந்தது. இரண்டாவது அடிமட்டத்தில் இருந்தது.

முடிவைப் பார்த்தபோது அழுகை வந்தது. அதில் பாதி நிம்மதி. பத்து மாதமாக நான் களவாக எதையும் தின்னவில்லை என்பதை அந்தக் கடதாசி சொன்னது.

முதல் மாதம்

காலையும் இரவும் கலப்பு இன்சுலின் என்று தொடங்கினார்கள். குறைந்த அலகில் ஆரம்பித்து, குருதிச் சீனியைப் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். ஒருவருக்கு எத்தனை அலகு என்பதை அவருடைய வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அயலவரின் அளவு நமக்குப் பொருந்தாது.

குத்துவது நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. நுளம்பு கடித்த மாதிரித்தான். கற்றுக்கொள்ள வேண்டியவை வேறாக இருந்தன. கலப்பு இன்சுலின் குப்பியைக் குலுக்கக் கூடாது. பால் நிறம் சீராகும்வரை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்ட வேண்டும். வயிற்றில் தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு, தினமும் இடம் மாற்றிக் குத்த வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கட்டியாகத் தடித்து, மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இந்த வகை இன்சுலின் போட்டு ஏறத்தாழ அரை மணித்தியாலத்தில் சாப்பிட்டாக வேண்டும்.

ஊசிக்குழாயின் அளவுக்கோடுகள் குப்பியின் செறிவோடு பொருந்த வேண்டும். எனக்குக் கிடைத்தது மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்ட குப்பி. இந்தியாவில் 40 அலகுக் குப்பியும் அதற்கான தனி ஊசிக்குழாயும் பரவலான பாவனையில் உள்ளன. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஊசிக்குழாயை இங்குள்ள குப்பிக்குப் பயன்படுத்தினால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போய்விடும்.

மலையில் இறங்கும் சீனி

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள். ஊசி போட்டுவிட்டு ரொட்டியில் பாதியைத்தான் சாப்பிட்டேன். பஸ் வந்துவிட்டது. இறங்கி, தேயிலை மலைக்கு நடுவில் படி ஏறி வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் எழுதிய எழுத்து எனக்கே விளங்கவில்லை. நல்ல குளிரில் சட்டை நனைந்தது. காரணமில்லாமல் ஒரு பிள்ளையை ஏசினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "டீச்சர், எங்க அப்பாயிக்கும் இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, அதிபர் அறைக்கு ஓடிப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்துவந்தாள்.

சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே இனிப்பு எடுக்க வேண்டும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மீண்டும் அதே அளவு. தெளிந்த பிறகு ஒரு பாண் துண்டோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

எங்கள் பெண்களை நினைத்துத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். விடியற்காலையில் வெறும் சாயத்தண்ணியோடு பிரட்டுக்குப் போய், கூடையைச் சுமந்து மலையேறி, பகல் நிறுவை வரை கொழுந்து பறிப்பவர்களின் தசை குருதியிலுள்ள சீனியை வேகமாக எரிக்கும். ஊசியும் போட்டு, காலைச் சாப்பாட்டையும் விட்டால் சரிவில் மயங்கி விழலாம். அவர்கள் தாங்கள் செய்யும் வேலையைக் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வைத்தியரால் அளவை அதற்கேற்ப மாற்ற முடியும். இடுப்பில் கட்டும் படங்குக்குள் ஒரு சிறு பொட்டலம் சீனி இருக்கட்டும். பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். மறைப்பதால்தான் ஆபத்து.

மண்பானை

திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். திறந்த குப்பியைக் கடும் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைத்துப் பாவிக்கலாம். மின்வெட்டு வாரத்தில் எனக்கு இது தெரியாது. வவுனியாவிலிருக்கும் பெரியம்மாவின் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணன் சிரித்தார். "எங்க அம்மா கரண்டே இல்லாத ஊர்லதானே இவ்வளவு காலமும் ஊசி போட்டாங்க" என்றார்.

பெரிய மண்பானைக்குள் ஈர மணல். அதன் நடுவில் சிறு பானை. அதற்குள் பொலித்தீனில் சுற்றிய குப்பி. மேலே ஈரத்துணி. நிழலான மூலையில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் காயும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். வன்னி வெயிலிலேயே பயன்பட்ட முறை எங்கள் குளிருக்குத் தாராளம். ஆனால் நுவரெலியா, ராகலைப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் சில இரவுகளில் பனி உறைவதையும் மறக்கக் கூடாது. குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைப்பதும் தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும், எறிய வேண்டியதுதான்.

அன்றைய அழைப்பில்தான் பெரியம்மாவின் கடைசி நாட்களையும் அண்ணன் சொன்னார். பானையை விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தது. மிச்சமிருந்த ஒரு குப்பியை நாளுக்குப் பாதியாக்கினார். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு குப்பி முடிந்தது. வாந்தி, வயிற்று நோ, ஆழமான பெருமூச்சு. மூன்றாம் நாள் பேச்சு நின்றது.

இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதனால் கீற்றோன் என்ற பொருள் பெருகிக் குருதி அமிலமாகும். அண்ணன் சொன்ன அறிகுறிகள் அதற்குரியவை. 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில் 14 வயதுச் சிறுவன் லெனார்ட் தொம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும்வரை, முதலாம் வகைச் சலரோகம் வந்த பிள்ளைகள் இப்படித்தான் இறந்துபோனார்கள். அதற்கு 87 வருடங்களுக்குப் பிறகு, மருந்து உலகத்தில் இருந்தும் பெரியம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

கைவிடக் கூடாதது

ஆகவே லாடா உள்ளவர்களும், இன்சுலினையே நம்பியிருக்கும் மற்றவர்களும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். காய்ச்சல், வாந்தி என்று சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை முற்றாக நிறுத்தக் கூடாது. அளவை எப்படி மாற்றுவது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விரதம் பிடிப்பதானாலும் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குரான்கெத்தப் பகுதிகளில் நடந்த மண்சரிவுகளை நாங்கள் மறக்கவில்லை. மழை பலத்தால் இங்கே முதலில் மூடப்படுவது வீதி. ஆகவே குப்பி முடியும் நாள் வரை காத்திராமல், இரண்டு வாரத்துக்கான மருந்து கையில் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுகிறேன். அரச வைத்தியசாலையில் இலவசமாகவே தருகிறார்கள். கிளினிக் கொப்பி, குப்பி, ஊசிக்குழாய், சீனிப் பொட்டலம் நான்கும் ஒரே பையில் கதவடியில் தொங்குகின்றன. ஓடிப் பழகிய சனத்துக்கு இந்தப் பை எதற்கென்று விளக்கத் தேவையில்லை.

பெரியம்மாவுக்கு எந்த வகைச் சலரோகம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் சொன்னதை அன்றிரவே அம்மாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அப்ப ஊசி போட்டதால சாகலியா, அக்கா?"

"இல்லம்மா. ஊசி இல்லாமத்தான்."

அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலையில் நான் எழும்பும்போது மண்பானைத் துணி ஏற்கெனவே நனைத்திருந்தது. இப்போது என் எடை 52 கிலோ. மின்சாரம் ஒழுங்காக இருக்கிறது. குப்பி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. ஆனாலும் அம்மா அந்தப் பானையை எடுத்து வைக்க விடுவதில்லை.